கோப்பையில் ஓர் இடம் காலி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் இருமல் நின்றதா? போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அதனால்தான் கடிதம்.

நேற்று உன் சித்தப்பா கூப்பிட்டார். நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல்! ஞாயிற்றுக்கிழமை கோப்பையோடு வருகிறாராம். உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்துவிட்டார். என் தையல் சாமான்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன.

அந்தக் கோப்பையின் கதை உனக்குத் தெரியாததா? பறக்கும் மண்தட்டைச் சுடும் போட்டியை இந்த வட்டாரத்தில் தொடங்கிய துப்பாக்கி மெக்கானிக், சுட்டுத் தீர்ந்த தோட்டாக்களின் பித்தளையை உருக்கி வார்த்தது. தோற்றவர்தான் ஜெயித்தவர் பெயரைப் பொறித்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விதி வைத்தார். துப்பாக்கி தூக்குகிறவர்களுக்குள் பகை மூளக்கூடாதே என்ற பயம். மூன்று முறை பெயர் ஏறினால் கோப்பை அவருக்கே சொந்தம். அண்ணனுக்கு இரண்டு, தம்பிக்கு இரண்டு என்று நின்றபோதுதான் அந்தக் கடைசித் தட்டு வந்தது. சுட்டது உன் அப்பா. உடைந்தால், ஒரு சில்லு தெறித்தால்கூட, அப்பாவுக்கு; தவறினால் சித்தப்பாவுக்கு.

அடுத்த ஆட்டத்தில் சுடப்போகிறவர் நடுவராக நிற்பது அங்கே வழக்கம். அன்று உன் முறை. ஆளை மாற்றலாம் என்று ஒரு புத்திசாலிக்கும் தோன்றவில்லை. சில்லு தெறித்தது என்று நீ கை தூக்கினாய். தெறிக்கவே இல்லை என்று சொல்லி, முந்தின வருஷம் ஜெயித்து வைத்திருந்த கோப்பையைச் சித்தப்பா தரவே இல்லை. அன்று நீ சாப்பிடாமல் படுத்தாய். அந்த மாதமே வெளியூர் வேலை என்று கிளம்பிவிட்டாய். இன்றுவரை நான் ஒன்றும் கேட்டதில்லை.

சித்தப்பா என்னிடம் சொன்னது இதுதான்: "இன்னும் பேரு பொறிக்கல அண்ணி. பொறிக்கிறவரையும் கையோட கூட்டிட்டு வரேன். உங்க பையன் போன்ல ஒரு வார்த்தை சொல்லட்டும். அவன் யார் பேரைச் சொல்றானோ அதான்."

உன் அப்பாவிடம் சொன்னேன். "இதுல என்ன இருக்கு? என் பிள்ளை பொய் சொல்லவே மாட்டான்" என்று சிரித்தார். எனக்கு அதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போனை எடுக்காமல் இருந்துவிடாதே, கண்ணா. சில்லு தெறித்திருந்தால் தெறித்தது என்று சொல். இல்லையென்றால் அதையும் சொல். உன் அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். கோப்பை இல்லாத வீடு எனக்குப் பழகிவிட்டது. நீ வராத வீடுதான் பழகவில்லை.

நன்றாக இரு, என் தங்கமே.

உன் அம்மா