நைட்ரேட் என்று எழுதிய கேன்

இன்று காலை தோப்புச் சொட்டுநீர்க் குழாயின் டிரிப் பில்டரைக் கழற்றிக் கழுவ உட்கார்ந்தேன். நம் முதலமடைத் தண்ணீர் உனக்குத் தெரியாததா? மூன்று மாதத்தில் குழாயெல்லாம் சுண்ணாம்பு அப்பிக்கொள்ளும். ஆசிட் விட்டதும் சீறிக்கொண்டு நுரைத்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தெரியும், பில்டரைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். ஆறு வருடமாக இந்த வாடை வரும்போதெல்லாம் எதையாவது உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிளஸ் டூவில் நாம் ஒரே பெஞ்சு. எனக்கு கெமிஸ்ட்ரி ஏறவே ஏறாது. நைட்ரிக் அமிலத்தின் உப்பு நைட்ரேட், நைட்ரஸ் அமிலத்தின் உப்பு நைட்ரைட், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் உப்பு குளோரைடு. பரீட்சைக்கு முந்தின நாள் என் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னாய்: "இக்குன்னா கடிக்கும், ஏட்டுன்னா கடிக்காது. இதுக்கு எதுக்குடா மண்டைய ஒடைக்கறே?" எல்லா உப்பும் சாது இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டோம். ஆனாலும் பக்கத்துப் பக்கத்துத் தோப்பில் மா வைத்த பிறகு நமக்கு அந்த ஒரு வரியே போதுமாக இருந்தது. மரம் பூ எடுக்கத் தெளிப்பது பொட்டாசியம் நைட்ரேட் கரைசல். குழாய் கழுவுவது நைட்ரிக் ஆசிட். இரண்டும் உன் மோட்டார் ரூமில்தான் இருக்கும். கேன்களில் பெயின்டால் பெயர் எழுதியது நீ.

காலிக் கேனை நம் ஊரில் யார் வெளியே எறிந்தார்கள்? அன்று காலை ஆசிட் கேன் அடியில் விரிசல் விட்டு ஒழுகியது. காலியாகக் கிடந்த நைட்ரேட் கேனில் மாற்றி ஊற்றினேன். கட்டைவிரலில் ஒரு சொட்டுப் பட்டு மஞ்சளாகக் கறை பிடித்தது. பெயரைச் சாயங்காலம் மாற்றி எழுதலாம் என்று விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லவும் இல்லை.

மத்தியானம் உன் அண்ணன் அரிவாளோடு வந்தார். போர்வெல் பங்கு உங்களுக்குள் ஒரு வருடமாகப் புகைந்துகொண்டிருந்தது. வரப்பு தாண்டிய டியூப்பையெல்லாம் கொத்திப் போட்டார். நீ தடுத்தாய். அரிவாளைத் திருப்பிப் பிடித்து உன் மண்டையில் போட்டார். ரத்தம் வழிய மோட்டார் ரூமுக்குள் ஓடினாய். அங்கே கடப்பாரை இருந்தது, மண்வெட்டி இருந்தது. இரண்டையும் நீ தொடவில்லை. பெயரைப் பார்த்து நைட்ரேட் கேனை எடுத்தாய். மூடியைத் திருகி அவர் முகத்தில் வீசினாய். நான் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவர் அலறியது மனிதக் குரலாகவே இல்லை. "உப்புத் தண்ணிக்கு எதுக்கு இந்த நடிப்பு?" என்று நீ கத்தினாய். அப்புறம்தான் அவர் கன்னம் மஞ்சளாகிப் புகைவதைப் பார்த்தாய். தரதரவென்று இழுத்துப் போய்க் குழாயடியில் முகத்தை அழுத்திக் கழுவினாய். உதைத்தார், கடித்தார், நீ விடவில்லை. உன் உள்ளங்கைகள் வெந்துபோயின. அப்படியும் அவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

சித்தூர் ஸ்டேஷனில் எஸ்.ஐ. மேசையை அடித்து மலையாளத்தில் கேட்டார்: "ஆராடா ஆசிட் நிறச்சது?" நான் கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கினேன். நீ அதைப் பார்த்தாய். "நாந்தானுங்க சார்" என்றாய்.

ஜெயிலுக்கு உன்னைப் பார்க்க வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "வாய மூடு. உன்ற புள்ளைக சின்னதுக. எனக்கு ஆரு இருக்கா?" என்றாய். மூடிக்கொண்டேன், கோழைப் பயல். மூன்றாம் வருடம் நெஞ்சுவலி என்று உன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். உன் மேல் எனக்கு அத்தனை ஆத்திரம். என்னைக் காப்பாற்றச் சொல்லி உன்னிடம் யார் கேட்டது? விரலில் இருந்த கறை இரண்டு வாரத்தில் தோலோடு உரிந்துவிட்டது. அதன் பிறகு என்னைக் காட்டிக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை.

உடைந்த பில்டரை அப்படியே போட்டுவிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கையால் தடவி என் சட்டையைப் பிடித்தார். அறைந்தார். "இன்னொருக்கா சொல்லு" என்றார். சொன்னேன். மறுபடி அறைந்தார், உதடு கிழிந்தது. மூன்றாம் முறை ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"கண்ணக் கெடுக்கோணும்னு வீசுனவன் எதுக்குடா என்னையப் புடிச்சுக் கழுவுனான்? ஆறு வருசமா இதையேதான் கேட்டுட்டுக் கெடக்கறேன்" என்று சொல்லி அழுதார். வெகுநேரம் அழுதார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு ஸ்டேசனுக்குப் போலாம். எனக்குத்தான் கண்ணு தெரியாதே, நீதான் கூட்டிட்டுப் போகோணும்."

வீட்டில் சொல்லிவிட்டேன். மூத்த மகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தோப்பிலிருக்கும் கேன்களில் எல்லாம் பெயரைப் புதிதாக எழுதினேன். உன் எழுத்துப் போல முத்துமுத்தாக வராது. ஆனால் உள்ளே இருப்பதைத்தான் எழுதியிருக்கிறேன்.

காலை எட்டு மணிக்குச் சித்தூர் பஸ். உன் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். அதே மேசையின் முன்னால் அதே கேள்வியைக் கேட்பார்கள். இந்தத் தடவை விரலை மடக்க மாட்டேன்.