கீறல் இல்லாத மேசை

பெரியவனின் அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகவே இருக்கிறேன், கவலைப்படாதே.

இங்கே ஓர் உணவகத்துக்கு மேசை இழைத்துக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. உள் அலங்காரம் செய்யும் பெண் உதட்டைப் பிதுக்கினாள்.

"வீட்டு நினைப்பு வரணும் பெரியவரே, அதுதான் எங்க கடையோட அடையாளம். இருபது வருஷம் ஒரு குடும்பம் சாப்பிட்ட மாதிரி கீறிவிடுங்க."

"யாரும் சாப்பிடாம கீறல் எப்படிம்மா வரும்?" என்றேன்.

கீறாவிட்டால் வேலை இல்லையாம்.

பொய்க் கீறல் என் கையால் விழாது. நம் வீட்டு மேசையில் இருப்பதையே போடலாம் என்று பார்த்தால், ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை. அது புதிதாக இருந்தபோதே இங்கே வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டேன். விடுமுறைகளில் விருந்தாளி மாதிரிதான் உட்கார்ந்தேன்.

ஒரு தாளில் மேசையை வரைந்து, கீறல்களைக் குறித்து அனுப்பு. வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி வந்துவிட்டது, நிறுத்துகிறேன். மேசையில் நான் உட்காரும் இடத்தில் ஒன்றும் இல்லையென்றால், நீயாக எதையும் சேர்க்காதே.