மக்கள்தொகை இரண்டு

14.11.2005, திங்கள். ஷார்ஜா.

இன்று முழுக்க அமெரிக்காவிலிருந்து வந்த பேல் மூட்டைதான். பழைய துணி பிரிக்கும் இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, பேலைக் கட்டவிழ்த்ததும் அடிக்கும் அந்தச் சோப்பு நாற்றத்துக்கு மூக்கு இன்னும் பழகவில்லை. மெல்லிய துணி ஆப்பிரிக்காவுக்கு, கனமான கோட்டெல்லாம் ஆப்கானுக்கு, கிழிசல் வொர்க்‌ஷாப்பில் துடைக்க. பைகளைத் துழாவி, கிடைப்பதைச் சூப்பர்வைசர் ஹபீப் முகம்மது பாயின் மேஜையில் உள்ள தகர டின்னில் போட வேண்டும். சாவி, பல்செட், ஒரு தடவை கல்யாண மோதிரம்கூட வந்தது.

இன்று நான் ஒன்றைப் போடவில்லை. பழுப்பு நிற ஆண்பிள்ளைக் கோட்டு. காலரைப் பார்த்தாலே ஆளைச் சொல்லிவிடுவேன், இந்தக் காலரில் ஆளே இல்லை. ஒரு நாள்கூடப் போடாத கோட்டு. உள்பையில் ஒரு மெல்லிய புத்தகம், மேலே குதிரை வண்டி நிற்கிற தெருப்படம். இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை. படிக்க ஒன்றும் இல்லாமல் கிடக்கிறேன், அதுதான் காரணம்.

16.11.2005

ஜெயமணிக்குப் போன் போட்டேன். ஊரில் விடாத மழையாம். புது ரேஷன் கார்டுக்காக வீடு வீடாக வந்து விசாரித்தார்களாம். எங்கள் கார்டில் இப்போது அவளும் மகள் சந்தியாவும் மட்டும்தானாம்.

"என் பேரு?"

"எடுத்துட்டாக."

"யாரு எடுக்கச் சொன்னது?"

"வீட்டுல சாப்பிடுறவுக எத்தன பேருன்னு கேட்டாக. ரெண்டுன்னு சொன்னேன்."

"நான் என்ன, செத்தா போயிட்டேன்?"

"அஞ்சு வருசமா இந்த வீட்டுல உங்களுக்குத் தட்டு வைக்கல. பொய் சொல்லச் சொல்றீகளா?"

போன் கார்டில் இன்னும் பத்து நிமிஷம் பாக்கி இருந்தது. நான்தான் வைத்துவிட்டேன்.

17.11.2005

ரேஷன் அரிசியா எனக்கு வேண்டும்? பேரு வேண்டும்யா. என் பேரு.

18.11.2005, வெள்ளி.

லீவு. ரூமில் எல்லோரும் துணி துவைக்கப் போய்விட்டார்கள். புத்தகத்தை எடுத்தேன். பத்தாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறி நாலு பக்கம் தாண்டினேன். கார்விக் என்று ஒரு ஊர். நெப்ராஸ்கா என்று போட்டிருக்கிறது. 1887-இல் ரயில் வந்து உண்டான ஊராம். ஊருக்கு நூறு வயது ஆனபோது அச்சடித்த புத்தகம்.

நம்பர்களுக்கு இங்கிலீஷ் வேண்டாம். 1910-இல் ஜனம் 384. 1940-இல் 210. 1970-இல் 58. எங்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்கு அதைவிடக் கூட்டம் வரும்.

கடைசித் தாளில் அச்சு முடிந்துபோகிறது. அதற்குக் கீழே யாரோ பென்சிலில் தொடர்ந்து எழுதிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

22.11.2005

மாட்டிக்கொண்டேன். டீ நேரத்தில் பாய் வந்து நின்றார். எங்கள் ரூம் சோலைமுத்து வாய் சும்மா இருக்காது, அவன்தான் சொல்லியிருப்பான்.

"வைரவா, டின்னுல போடுறத மடியில போட்டுக்கிட்டியாமே?"

எடுத்து நீட்டினேன். வேலை போய்விடும் என்று பயம். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நின்றவாக்கிலேயே படித்தார். டீ ஆறிப்போனது. 1923-இல் தீப்பிடித்துப் பாதித் தெரு போயிற்றாம். 58-இல் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், 61-இல் ரயிலை நிறுத்தினார்கள், 74-இல் தபாலாபீசும் போனது. பிறகு பென்சில் எழுத்து. 1990-இலிருந்து வருஷம் ஒரு வரி. ஜனம் குறைந்து குறைந்து, பத்துப் பேருக்குள் வந்ததும் எண்ணிக்கை போய்ப் பெயராகவே எழுதியிருக்கிறது.

கடைசி வரி 2004. பாய் வாசித்தார்: "ரெண்டு. ஐரீன். டேல், வெளியூர்."

"வெளியூர்னா பாய்?"

"ஊருல இல்ல, எங்கயோ போயிருக்காப்லன்னு அர்த்தம். அந்தம்மா தனியாத்தான் இருந்திருக்கு. ஆனா ரெண்டுன்னு எழுதியிருக்கு."

மேலே திருப்பிப் பார்த்தார். 1990-இலிருந்து பதினைந்து வரியிலும் டேல் இருக்கிறான். பதினைந்திலும் வெளியூர்தான்.

பாய் புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். "காகிதந்தானே, வச்சுக்க. ஆனா இனிமே மடியில வைக்காத, கேட்டு வாங்கு."

25.11.2005, வெள்ளி.

போன் பூத் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். பதினைந்து வருஷம் ஊரில் இல்லாதவனை ஒருத்தி எண்ணியிருக்கிறாள். எனக்கு ஆறு வருஷத்திலேயே பேர் போய்விட்டது. இதை ஜெயமணியிடம் சொல்ல வேண்டும், நன்றாக உறைக்கிற மாதிரி.

29.11.2005

போன் பண்ணவில்லை.

6.12.2005, செவ்வாய்.

நாங்கள் தங்கியிருக்கிற கேம்புக்குச் சென்சஸ்காரர்கள் வந்தார்கள். இந்த நாட்டில் உள்ள அத்தனை பேரையும் எண்ணுகிறார்களாம். எங்கள் ரூமுக்கு வந்தவர் கேரளாக்காரர். பன்னிரண்டு பேரையும் கட்டிலில் உட்காரவைத்து ஒவ்வொருவராகப் பேர், வயது, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டார். சோலைமுத்து, "பதிமூணுன்னு போடுங்க சார், மூட்டைப்பூச்சிய விட்டுட்டீகளே" என்றான். எல்லோரும் சிரித்தோம். போகும்போது கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனார்.

ஆக, நான் இந்த ஊர்க்காரன். நேற்றுவரை இந்தக் கதவை என் கதவு என்று நினைத்ததில்லை. மற்றவர்கள் சீட்டாட உட்கார்ந்தார்கள். நான் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அழுகை வந்தது, எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

9.12.2005, வெள்ளி.

அந்தக் கோட்டு நேற்று ஆப்கான் பேலில் கட்டப்பட்டுப் போனது. போகுமுன் ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். என் அளவுதான்.

அது யாருக்கு வாங்கிய கோட்டு? டேலுக்குத்தான், வேறு யாருக்கு? வந்தால் குளிருமே என்று வாங்கி வைத்திருப்பாள். அவன் வரவில்லை. ஐரீன் எண்ணினாள் எண்ணினாள் என்று இரண்டு வாரமாகக் குதிக்கிறேனே, டேல் என்ன செய்தான் என்று ஒரு தரமாவது கேட்டேனா?

2000-இல் ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தேன். 2002-இல் மறுபடி லீவு வந்தது. போகாமல் பணமாக வாங்கிக்கொண்டேன். 2004-இலும் அதேதான். கூரையை மாற்றி ஓடு போட வேண்டும் என்று சாக்கு. ஓடும் போட்டாயிற்று. நான் கடைசியாகப் பார்த்தபோது சந்தியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் ஜெயமணி வேறு என்னதான் சொல்வாள்?

அவள் சொன்னது சரி. எழுதும்போதே கை கூசுகிறது. ஆனால் சரி.

13.12.2005

லீவு கேட்டேன். "இந்தத் தடவையும் காசாத்தானே?" என்றார் பாய், லீவு பாரத்தைப் பார்க்காமலேயே. "இல்ல பாய், ஊருக்கு" என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

15.12.2005

ஜெயமணிக்குப் போன்.

"வர்றேன்."

"சரி."

"அவ்வளவுதானா?"

"வாங்க. வந்தப்பறம் பேசிக்கிருவோம்."

13.1.2006. ஊர்.

வந்து சேர்ந்தேன். சந்தியா கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அம்மா, அவுக காப்பி குடிப்பாகளா?" என்று கேட்டாள்.

ஜெயமணி சோறு போட்டாள். புதுத் தட்டு, கழுவியும் அடியில் விலைச்சீட்டு பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

20.1.2006

கிணற்றுக்கயிறு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கிணற்றைத் தூர்த்து மூன்று வருஷம் ஆகிறதாம்.

27.1.2006

இன்று சந்தியா தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கதை கேட்டாள். எனக்கு என்ன கதை தெரியும்? கார்விக் ஊரைப் பற்றிச் சொன்னேன். ரயில் வந்தது, போனது, பள்ளிக்கூடம் மூடியது, கடைசியில் ஐரீன் ஒருத்தி மட்டும் இருந்தது. தனியாக இருந்துகொண்டு, டேல் வெளியூர் என்று போட்டு, இரண்டு என்று எழுதினாள் என்றதும், "அது தப்புக் கணக்குல்ல?" என்று கேட்டாள்.

"அவங்களுக்கு அதுதான் கணக்கு."

"அந்த டேல் வந்தாரா?"

"தெரியல பாப்பா."

ஜெயமணி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவே இல்லை.

4.2.2006, சனி.

புதன்கிழமை டிக்கெட். போகாமல் இருக்க முடியுமா என்று மூன்று வாரமாக யோசித்துப் பார்த்தேன். இங்கே எனக்கு ஒரு வேலையும் அமையவில்லை. பெட்டி கட்டியாயிற்று.

காலையில் அங்கன்வாடி டீச்சர் அஸ்மத் பீவி வந்தார்கள், வருஷா வருஷம் வீட்டுக்கணக்கு எடுக்கிற நோட்டோடு. வாசலில் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

"வீட்டுல எத்தன பேருண்ணே?"

மூன்று என்று நாக்கு நுனிவரை வந்தது. உள்ளே பெட்டி தெரிந்தது. அவள் அன்று பொய் சொல்லவில்லை, நான் மட்டும் எப்படிச் சொல்வது? "ரெண்டு பேருங்க" என்றேன்.

உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது.

"டீச்சர், மூணுன்னு போடுங்க." ஜெயமணி வெளியே வரவில்லை, குரல் மட்டும் வந்தது. "ஒருத்தரு வெளியூரு."

அஸ்மத் பீவி என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்கள்.