நுரையீரல் கழுவிய தண்ணீர்

தந்தா,
3 மார்ச் 1996

அன்புள்ள அபூ ஹாஸிமுக்கு,

நஜாத் எழுதுவது. இங்கே நம் ஹாஸிமும் மற்ற பிள்ளைகளும் நலம். கெய்ரோ ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் நீங்கள் இன்னும் இளைத்திருப்பீர்கள்.

போன வாரம் அங்கே வந்தபோது டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "புறாத் தூசியாலயும் இப்படி மூச்சு வாங்கும்மா. நுரையீரலுக்குள்ள உப்புத்தண்ணி விட்டு உறிஞ்சிப் பாத்தா ஓரளவு தெரியும். உங்க வீட்டுக்காரர்தான் பிடி கொடுக்க மாட்டேங்கிறாரு."

மொட்டைமாடிப் புறாக்கள் மேல் பழி விழுந்துவிடுமே என்ற பயம் உங்களுக்கு. என்னைவிட அவை பெரிதா?

உங்கள் நஜாத்

கெய்ரோ,
7 மார்ச்

அன்புள்ள உம்மு ஹாஸிமுக்கு,

ஒத்துக்கொண்டேன், திருப்திதானே? சனிக்கிழமை குழாய் விடுகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது.

தண்ணீர் புறாவைக் காட்டினால் கூண்டை நானே பிரித்துப் போடுகிறேன். அதுவரை ஒன்றையும் தொடாதே. பக்கத்து மாடியில் புறா வளர்க்கும் ஃபத்ஹி விசிலடித்து நம் கூட்டத்தை இழுக்கப் பார்ப்பான், கவனம்.

உன் ஸஃப்வத்

தந்தா,
10 மார்ச்

அன்புள்ள அபூ ஹாஸிமுக்கு,

குழாய் விட்டபோது நீங்கள் மூச்சுக்குத் திணறியதாக உங்கள் தம்பி வந்து சொன்னார். நான் பயந்துபோனேன். தண்ணீர் என்ன சொன்னாலும் நீங்கள் ஏதாவது சாக்குச் சொல்லி மாடி ஏறுவீர்கள். கோழிக்கடைக்காரரைக் கூப்பிட்டு அத்தனையையும் அறுக்கச் சொல்லிவிட்டேன். கோதுமை அடைத்துச் சமைத்துத் தெருவுக்கே கொடுத்தேன்.

ஃபத்ஹி மட்டும் தட்டைத் திருப்பி அனுப்பினான். "நான் வானத்துல துரத்துன புறாங்க அக்கா, எப்பிடித் திங்கிறது?" என்றான். என் தட்டையும் அப்படியே வைத்துவிட்டேன்.

திட்டுங்கள். நீங்கள் இருந்தால் போதும்.

உங்கள் நஜாத்

கெய்ரோ,
17 மார்ச்

நஜாத்,

பரிசோதனை முடிவும் உன் கடிதமும் ஒரே காலையில் வந்தன. முடிவைத்தான் முதலில் கேட்டேன்.

டாக்டர் சொன்னது: "கழுவுன தண்ணியில ஒரு வகை வெள்ளணு ரொம்ப ஓங்கியிருக்கு. புறாத் தூசின்னா பெரும்பாலும் இன்னொரு வகைதான் ஓங்கும். காசநோய்க் கிருமியும் இல்ல. தண்ணிய மட்டும் வச்சுத் தீர்ப்புச் சொல்லிட முடியாது. ஆனா நெஞ்சுப் படத்துல நெறி கட்டியிருக்கு, கால்ல செவப்பு வீக்கம் இருக்கு. எல்லாம் சேந்தா இது சார்கோய்டோசிஸ்ங்கிற வேற நோய், புறாவால வர்றதில்ல. புறாவ விட்டுருங்க, அதுக பாவம்."

வார்டு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

நீ பயந்து செய்தாய் என்று புரிகிறது. புரிந்தாலும் ஆறவில்லை.

மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டும். "வீட்டுல பாத்துக்க ஆள் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, இருக்கிறாள் என்றேன்.

வியாழக்கிழமை வருகிறேன். மாடிக் கதவைப் பூட்டிவிடு. சாவி எங்கே என்று என்னிடம் சொல்லாதே.

ஸஃப்வத்