பரவாயில்லை என்றது நான்தான்

டாலிகஞ்ச், கொல்கத்தா
புதன்கிழமை

அன்புள்ள பட்டாபிக்கு,

இங்கே வசந்தியும் மேக்னாவும் சுகம். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை, அதற்குக் காரணம் நீ. மூன்று நாளாக உன்னைப் போனில் பிடிக்கப் பார்க்கிறேன். காலையில் மாதவி எடுத்து நீ குளித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். சாயங்காலமும் அதையே சொன்னாள். ஓசூரில் அவ்வளவு புழுக்கமா? பாவம், அவளை ஏன் பொய் சொல்ல வைக்கிறாய்? அவளுக்கு அது வரவே வராது.

ஆபீஸ் மெயில் போட்டால் பத்துப் பேருக்கு நகல் போகும், டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாமல் நீ கையெழுத்துப் போட்டதும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் காகிதத்தில் எழுதி உன் வீட்டு முகவரிக்குக் கூரியரில் அனுப்புகிறேன். கூடவே ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அதில் மூன்று சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங்குகள். மூன்றும் உடைந்தவை. பிரித்துப் பார்த்துவிட்டு மேலே படி.

குடைக்காரரைப் பிடித்தது நீ என்பதை மறந்திருக்க மாட்டாய். போன வருஷம் பூஜை சமயத்தில் இங்கே வந்தபோது பவானிபூரில் உன் குடையைப் பழுது பார்த்துக் கொடுத்தார் ஹால்தார் பாபு. அவர் பட்டறையில் சுற்றிய குடை ஸ்பிரிங்கை எடுத்து நீ அமுக்கி அமுக்கிப் பார்த்தாய். மழைக்காலம் போனால் சும்மா கிடக்கிற பட்டறை, நம் பைக்கின் ஸ்டாண்ட் ஸ்பிரிங்கை இவரிடமே கொடுத்தால் என்ன என்றாய். சீட் உறையைச் செருப்புத் தைக்கிறவரிடமும் ஹெட்லைட் கூட்டை டிபன் கேரியர் செய்கிறவரிடமும் கொடுத்தவர்கள்தானே நாம். மீட்டிங்கில் எல்லோரும் கை தட்டினார்கள். தரம் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. வசந்திக்குத் துறைமுக ஆபீசில் மாற்றல் வந்ததால் நானே கேட்டு வாங்கி வந்த ஊர் இது. புலம்ப எனக்கு உரிமை இல்லை.

ஹால்தார் பாபு மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கை சுத்தமான வேலைக்காரர். ஆனால் குடையை ஒரு நாளைக்கு நாலு தடவை விரித்தால் அதிகம். ஸ்டாண்டை ஜனங்கள் கடைக்குக் கடை உதைக்கிறார்கள். அவருடைய ஸ்பிரிங் கொக்கி வளைகிற இடத்தில் விரிசல் விடுகிறது. முப்பதாயிரம் தடவை இழுபட்டாலும் தாங்க வேண்டியது, ஒன்பதாயிரத்திலேயே போய்விடுகிறது. முதல் சாம்பிளில் பத்துக்கு ஏழு உடைந்தது. இரண்டாவது சாம்பிளில் மூன்று, அந்த மூன்றுதான் இப்போது உன் கையில் இருப்பவை. வளைக்கிற கருவியை மாற்ற வேண்டும், சூட்டில் பதப்படுத்த ஒரு சின்ன அடுப்பு வேண்டும், மூன்று வாரம் கொடுங்கள் என்று அவரே என்னிடம் கேட்டார். குடை உடைந்தால் ஆள் நனைவான் அண்ணா, இது உடைந்தால் ஆள் விழுவான் என்றும் சொன்னார். அந்த மனிதருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

நீ கூப்பிட்டபோது காளிகாட் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது சாம்பிள் எப்படி என்று கேட்டாய். பரவாயில்லை என்றேன். ஏழு மூன்றாகிவிட்டதே, அந்தச் சந்தோஷத்தில் சொன்னது. உடைந்த கணக்கைச் சொல்வதற்குள் ரயில் வந்து லைன் அறுந்துவிட்டது. சரி, மறுபடி கூப்பிடுவாய் என்று இருந்துவிட்டேன், அது என் தப்பு. நீ என்ன செய்தாய்? என் பெயரைப் போட்டு, ஜெயபிரகாஷ் வாய்மொழியாக ஒப்புதல் அளித்தார் என்று தாளில் எழுதி, ஏற்கெனவே சுற்றி வைத்திருந்த ஆறாயிரம் ஸ்பிரிங்கை உடனே ஏற்றி அனுப்பச் சொல்லிப் பட்டறைக்கே செய்தி போட்டிருக்கிறாய். லாரி போய்ச் சேர்ந்த பிறகு ஹால்தார் பாபு காட்டித்தான் எனக்கே தெரியும். ஆறு மாதமாக அவர் சோலே ஜாபே, சோலே ஜாபே, அதாவது இதுவே போதும், எப்படியோ ஓடிவிடும் என்று சொல்லும்போதெல்லாம், எங்கள் கம்பெனியில் அந்த வார்த்தையே கிடையாது என்று மிரட்டியவன் நான். உங்கள் ஊரிலும் சோலே ஜாபே உண்டா என்று அவர் சிரிக்காமல் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து வசந்தியிடம் கத்திக்கொண்டிருந்தேன். மேக்னாவுக்குத் தமிழைவிட வங்காளம்தான் நன்றாக வருகிறது, உனக்குத் தெரியுமே. பரவாயில்லை என்றால் நல்லதா, கெட்டதா அப்பா என்று கேட்டாள். நல்லது என்று ஆரம்பித்தேன், இல்லை என்றேன், குரலைப் பொறுத்தது என்றேன். அப்படியானால் குரலே சரியாகக் கேட்காத இடத்தில் நின்று எதற்குச் சொன்னாய் என்றாள். வசந்தி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பட்டாபி. எரிச்சலும் பயமும்தான் வந்தன.

ஸ்பிரிங் உடைந்து ஸ்டாண்ட் இறங்கினால் இன்ஜினை நிறுத்தச் சுவிட்ச் இருக்கிறதே என்று நீ சொல்வாய். இன்ஜின் நின்றுவிடும், அறுபதில் போகிற வண்டி நிற்காது. இடது பக்கம் திரும்புகிற நேரத்தில் ஸ்டாண்ட் ரோட்டில் குத்தினால் என்ன ஆகும் என்று உனக்கு நான் படம் போட்டுக் காட்ட வேண்டுமா? நாம் இருவரும் சேர்ந்துதான் அந்த டெஸ்டை எழுதினோம்.

வருகிற திங்கட்கிழமை அந்த ஆறாயிரம் ஸ்பிரிங் லாட் வண்டிகளில் மாட்ட லைனில் ஏறப்போகிறது. சனிக்கிழமை மத்தியானம் வரை காத்திருப்பேன். நிறுத்தி வைத்துவிட்டதாக உன்னிடமிருந்து ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் பிளாண்ட் தலைவர் வரைக்கும் மெயில் போடுவேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசமாட்டாய் என்று தெரியும். பயிற்சிக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே அறை, ஒரே சாப்பாடு. ஆனாலும் போடுவேன்.

நிறுத்துவதற்குக் காரணம் கேட்பார்கள். என் பெயரை எழுது. ஜெயபிரகாஷ் போனில் சரி என்றான், பிறகு மாற்றிச் சொல்கிறான் என்று எழுது. யார் கேட்டாலும் ஆமாம் என்பேன். அன்று என் வார்த்தை உன் காதில் எப்படி விழுந்தது என்று உன்னை ஒருநாளும் கேட்க மாட்டேன். இது சத்தியம்.

மாதவியும் நீயும் நிம்மதியாக இருக்க வேண்டும், தூக்கம் கெடாமல் இருக்க வேண்டும். அதற்காகவும்தான் கேட்கிறேன். லாட்டை நிறுத்து, பட்டாபி.

என்றும் உன்,
ஜெயபிரகாஷ்