பெஞ்சுகளை மறைத்த கடிதம்

அன்பு மச்சான் தணிகாசலத்துக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அங்கே நீ சௌகரியமாகத்தான் இருப்பாய். இங்கே எனக்கு வயிறு எரிகிறது. இந்தக் கடிதத்தை நம் மாலைப் பள்ளியின் ஆண்டு மலரில் போடச் சொல்லப் போகிறேன். கமிட்டிக்காரர்களும் படிக்கட்டும்.

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்காரர் பிள்ளைகள் தமிழ் படிக்க நீ தொடங்கிய பள்ளிக்கு இப்போது வரதராஜன் செயலாளர். வந்ததும், "நன்கொடை கேட்டு எல்லாருக்கும் ஒரே லெட்டர் போடணும். படிச்சா கண்ணுல தண்ணி வரணும். யார் எழுதுறீங்க?" என்றார். செகந்திராபாத்தில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? எட்டாவதோடு நின்றவன்தான். ஆனால் நான் எழுதிய லீவு லெட்டரைப் படித்து ஃபோர்மேன் இரண்டு நாள் கூடுதலாகவே கொடுத்திருக்கிறார்.

எழுதினேன். பிள்ளைகள் வெறும் மண் தரையில் உட்கார்ந்து படிப்பதாக, மழை வந்தால் சேற்றிலேயே எழுதுவதாக. ஒரு பாம்பையும் உள்ளே விட்டேன். கமிட்டியில் வாசித்தபோது நாலு பேர் அழுதார்கள். சரி, மூன்று பேர். நாலாமவருக்கு ஜலதோஷம்.

சைக்ளோஸ்டைல் எடுத்து, உன் நோட்டில் இருந்த அத்தனை விலாசத்துக்கும் அனுப்பினார் செயலாளர். மெட்டுகுடா யூசுப் பாய்க்கும் ஒன்று போனது. நம் பள்ளியின் ஆறு பெஞ்சையும், சொந்தமாக மரம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் இழைத்துக் கொடுத்த அதே பாய்க்கு. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அடுத்த வீட்டுக்காரரைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டார். வாசலில் நின்று பெஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிள்ளைகள் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஹவ், ஆமா, எல்லாம் இங்கேதான் இருக்கு. அப்புறம் கைக்கு, எதுக்கு இப்படி எழுதினீங்க? பசங்க மண்ணுல உக்காருதுன்னு?"

"உக்காருங்க பாய், சாயா சொல்றேன்" என்றேன்.

"நக்கோ, வேணாம். பெஞ்சை வித்துட்டீங்கன்னு நினைச்சு ராத்திரி பூரா தூங்கல. இது யார் எழுதினது?"

மச்சான், நான் அவர் எதிரிலேயே நிற்கிறேன். "கமிட்டி எழுதினது பாய்" என்றேன்.

"தணிகாசலம் இருந்தா எழுதியிருப்பானா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பள்ளிக்கென்று அவர் வீட்டில் பாதி முடித்து வைத்திருக்கும் புத்தக அலமாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போய்விட்டார்.

செயலாளரிடம் சொன்னேன். "ஒரு பாய் போனா என்ன சார்? ஊர்ல ஆளா இல்ல?" என்கிறார். அந்த ஆளைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. நீ எதுவும் கேட்கத் தேவையில்லாத நாளாகப் பார்த்துத்தான் பாய் வீட்டுக்குச் சைக்கிளை மிதிப்பாய். "மூணாவது பெஞ்சுல உக்காருற பொண்ணு இன்னைக்குத் தன் பேரைத் தானே எழுதிடுச்சு பாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவாய். அவ்வளவுதான். அடுத்த மாதம் ஒரு பெஞ்சு வந்து நிற்கும். இதை அந்தச் செயலாளருக்கு எந்தப் பாஷையில் சொல்வது?

உன்மேலும் கோபம்தான். "உள்ளதை எழுதுடா, கொடுத்தவன் வந்து பார்ப்பான்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். சொன்னால் போதுமா? என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருக்க வேண்டாமா? இவ்வளவு சீக்கிரம் கண்ணை மூட உனக்கு என்ன அவசரம்?

ஆனால் செயலாளரை எவ்வளவு திட்டினாலும் எனக்கு ஆறவில்லை. அவர் அனுப்பினார், அவ்வளவுதான். எழுதியவன் நான். எழுதவில்லை என்று அந்த மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொன்னவனும் நான். ஊரெல்லாம் என் எழுத்து என்று மார்தட்டுகிறவன், கேட்க வேண்டியவர் கேட்டபோது கமிட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

நாளைக்கு ஞாயிறு. அவர் வீட்டுக்குப் போகிறேன். அலமாரியைக் கேட்க மாட்டேன். உள்ளே கூப்பிடாவிட்டால் தெருவில் நின்றே சொல்வேன்: "எழுதினது நான்தான் பாய். உங்க பெஞ்சு இருக்கும்போதே இல்லைன்னு எழுதினேன்." இதற்கு முன்னும் பின்னும் ஒரு வார்த்தைகூடச் சேர்க்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உன் தங்கையைக் கட்டியவன்,
பரமசிவம்