தம்பியின் சைக்கிள் விஷயமாக அப்பாவுக்கு

அன்புள்ள அப்பா,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தபோது உங்களிடம் சேர்ந்தாற்போல் நாலு வசனம் பேசாதவள், இப்போது ஊரே வாசிக்கும்படி கடிதம் எழுதுகிறேன். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கிறார்கள். பாரிஸ் லா சப்பல் கடையில் உங்களோடு மரக்கறி அடுக்கிய குணம் மாமா வீட்டுக்கு வந்து உத்தரவு போட்டுவிட்டார்.

"பிள்ளை, எங்கட குடும்பத்திலை முதல் கம்பசுக்குப் போனது நீ. கொப்பருக்கு அஞ்சாறு வெண்பா எழுதித் தா."

"மாமா, நான் படிச்சது புள்ளிவிபரவியல்."

"அதுக்கென்ன. உதுவும் படிப்புத்தானே."

வெண்பா எனக்கு வராது. அதனால் கடிதம். பிழை இருந்தால் மாமாவைக் கேளுங்கள்.

வீட்டுப் புதினம் ஒன்றுதான். தம்பி நிரோஷன் சைக்கிள் ஓட்டத்தை விடுவதா, இன்னும் ஒரு வருடம் ஓடுவதா என்று திவசத்துக்கு அடுத்த நாள் அணிக்குப் பதில் சொல்ல வேண்டும். விட விரும்புகிறான். சொல்லத்தான் முடியவில்லை. "அப்பா என்ன நினைப்பார்?" என்கிறான். நீங்கள் போன பிறகுதான் உங்களுக்கு இவ்வளவு பயப்படுகிறான்.

வாசிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி சம்பளத்துக்குச் சைக்கிள் ஓடுகிறவன். ஓடுவது ஒருநாள் ஓட்டங்கள். காலையில் தொடங்கிப் பின்னேரம் முடிந்துவிடும். ஆனால் பாதை வடக்கு பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கருங்கல் பதித்த பழைய வண்டிப் பாதை. அவனுடைய வேலை வெல்வதல்ல, அணித் தலைவரை வெல்ல வைப்பது. காற்று அவர்மேல் படாமல் முன்னால் ஓடுவான். பின்னால் வரும் அணியின் காரிடம் போய்த் தண்ணீர்ப் போத்தல்களை வாங்கிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, கர்ப்பிணி போல மறுபடி முன்னுக்கு வருவான். முடிவுக்கோட்டை நோக்கிய கடைசிப் பாய்ச்சலுக்கு முன் களைத்து விலகிவிடுவான்.

இது உங்களுக்கு விளங்க எத்தனை வருடம் எடுத்தது, அப்பா? ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் தம்பியிடம் அதே கேள்விதானே.

"எத்தினையாம் பிள்ளை?"

"தொண்ணூறு தாண்டியிருக்கும் அப்பா."

"வகுப்பிலை எத்தினை பேர்?"

பாதியில் விலகினான் என்று கேட்ட நாட்களில் அதைவிட மோசம். "சோதினைக்குப் போயிட்டுப் பேப்பர் குடுக்காமல் வந்திருக்கிறானோ?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள். நான் என் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்துப் போனபோதும், பக்கத்தில் இருந்த பிரெஞ்சுக்காரரிடம் தம்பியின் படத்தைத்தான் காட்டினீர்கள். எனக்குக் கோபமில்லை. கொஞ்சம் இருந்தது.

பிறகு ஒருநாள் அவனுடைய அணித் தலைவர், அந்தக் கப்டன், வென்றார். மறுநாள் கடையில் உங்கள் விளக்கமே மாறிவிட்டது. "கப்டன் வெண்டது சும்மாவே? நாள் முழுக்க இவன்ர முதுகுக்குப் பின்னாலை ஒளிச்சு நிண்டவர்." கத்தரிக்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் லட்டு.

மோர்க் கதையை எழுதாமல் விட்டால் குணம் மாமா கோபிப்பார். லா சப்பல் தேர் அன்று நீங்கள் இருவரும் வருடாவருடம் தண்ணீர்ப் பந்தல் போட்டு, தேருக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு மோர் வார்ப்பீர்கள். கல்பாதை ஓட்டமும் உங்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. தெருவின் இரண்டு பக்கமும் சனம், நடுவில் களைத்து வருகிற பிள்ளைகள், ஒருவரும் ஒரு வாய் மோர் கொடுப்பதாயில்லை. அடுத்த முறை கடை வாகனத்தில் அண்டாவை ஏற்றினீர்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒன்றும் குறையவில்லை. என்னையும் ஏற்றினீர்கள், பிரெஞ்சு கதைக்க.

ஏப்ரல் மாதம். மழை. சனம் குளிர்கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டிருக்க, நீங்கள் வேட்டியும் கம்பளித் தொப்பியுமாகப் பந்தல் கட்டினீர்கள். பக்கத்தில் நின்ற கிழவர் அண்டாவைப் பார்த்து இது சூப்பா என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்குமேல் விளக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

ஓட்டக்காரர்கள் வந்த வேகத்தில் உங்கள் கையிலிருந்த கோப்பைகளெல்லாம் பறந்தன. ஒருவர் மட்டும், சேற்றில் முகமே தெரியாதவர், ஒன்றை எட்டிப் பிடித்துக் குடித்தார். அவர் தம்பியின் கப்டன். பச்சை மிளகாய் தொண்டையில் நின்றது. அவர் இருமத் தொடங்கினார், வேகம் குறைந்தது, முன்னால் போனவர்கள் போயே போய்விட்டார்கள்.

"வடிவாய்க் குடிச்சவர், பார்த்தனியே பிள்ளை," என்றீர்கள் நீங்கள்.

அன்று பின்னேரம் அணி முகாமையாளர் தம்பியிடம், அந்த வேட்டிக்காரரை உனக்குத் தெரியுமா என்று கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டான். உங்களிடம் அதைச் சொல்லி அழுதான். நீங்கள் யோசித்துவிட்டு, "நல்லது, சம்பளம் தாறவனுக்கு முன்னாலை அப்பன் பேர் என்னத்துக்கு," என்றீர்கள். ஆனால் பத்திரிகையில் வந்த படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டினீர்கள். நீங்களும் அண்டாவும் முழுதாக, தம்பி ஒரு முழங்கை மட்டும். "உந்த முழங்கை ஆரின்ர எண்டு தெரியுதோ?" என்று கேட்காமல் ஒருவருக்கும் மிச்சக் காசு கொடுக்கவில்லை.

இப்போது அந்த முழங்கைக்குக் கீழே நிலைமை சரியில்லை, அப்பா. இத்தனை வருடம் கல்லில் குலுங்கியதில் கை விறைத்துப்போகிறது. போன கிழமை சார்செலில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவன் சோற்றைப் பிசையத் தொடங்கினான், விரல் மடங்கவில்லை. அம்மா ஒன்றும் கேட்காமல் தட்டை வாங்கிக் குழைத்து ஊட்டிவிட்டார். முப்பத்து மூன்று வயது ஆம்பிளை வாயைத் திறந்துகொண்டிருந்தான். சிரிப்பும் வந்தது எனக்கு, வேறொன்றும் வந்தது.

அவன் ஏன் விடவில்லை என்று கேட்கிறீர்களா? உங்களால்தான். நீங்கள் எல்லாருடைய கனவிலும் வருகிறீர்கள்.

அம்மாவின் கனவில் வந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விடச் சொன்னீர்களாம். "எண்ணெய் விடச் சொன்னால் என்ன அர்த்தம்? ஓடச் சொல்லுறார்," என்றார் அம்மா. குணம் மாமாவின் கனவில் அண்டாவோடு நின்றீர்களாம். "அடுத்த ஏப்ரலுக்கு ஆயத்தமாகிறார் மனுசன்," என்று அவர் தம்பிக்கே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார். பாவம், இரண்டையும் அவன் நம்புகிறான்.

முந்தநாள் என்னிடம் வந்தான். "அக்கா, உன்ர கனவிலை அப்பா வந்தவரோ?"

"இல்லை."

"வந்தால் சொல்லு. நீ சொன்னால் நான் நம்புவன். நீ கூட்டிச் சொல்லுற ஆள் இல்லை."

உண்மையில் நீங்கள் ஒருநாளும் வரவில்லை, அப்பா. ஏன்? நான் அதிகம் பேசமாட்டேன் என்றா?

தம்பிக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. திவசத்தன்று மலரைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வருவான். பிரெஞ்சில் சொல்லு என்பான். எல்லாம் சொல்வேன், மோரையும் லட்டையும்கூட. இந்த இடம் வந்ததும், நடக்காத ஒன்றை நடந்ததாக வாசிப்பேன்: அப்பா என் கனவில் வந்தார். 'ஓடினது காணும், அவனைச் சைக்கிளாலை இறங்கச் சொல்லு' என்றார்.

பக்கத்தில் இருக்கிற மாமாமார் வடையைக் கடித்தபடி பேசாமல் இருந்தால் போதும். அம்மாவும் இதை வாசிப்பார். வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். சோறு ஊட்டியது அவருடைய கைதானே.

அவனை நான் பார்த்துக்கொள்வேன். இறங்கிய பிறகு அவனுக்கு ஒரு வேலை அமையும்வரை நானும் கூடவே அலைவேன், எனக்கு வெட்கமாக இருந்தாலும். இது என் வாக்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அப்பா. திவசம் வருகிற அந்தக் கிழமை மட்டும் வேறு யாருடைய கனவிலும் போகாதீர்கள். வந்தே ஆகவேண்டும் என்றிருந்தால் என்னிடம் வாருங்கள்.

உங்கள் மூத்தவள்,
தர்ஷிகா